தங்கப்பொண்ணின் இரண்டாம் பாகம்

அவனியாபுரத்தில் ஹரிராமின் சாயப்பட்டறைக்கு இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கம் சேலை வேலை, பின்பக்கம் பொம்மை வேலை என்று அங்கே கூலிக்கு வரும் பெண்கள் சொல்வார்கள். முன்பக்கத்து நீள மேஜையில் பருத்திச் சேலையை இழுத்துப் பிடித்து, மெல்லிய துணி கட்டிய மரச்சட்டத்தை அதன்மேல் வைத்து, ரப்பர் பட்டையால் சாயத்தை ஒரே இழுப்பாக இழுத்தால் சுங்குடிப் புள்ளிகள் வரிசையாக விழும். பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, பழைய தையல் மிஷின் மேஜையில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் மனைவி வசுந்தரா படம் போடுவாள். விமானம் இறங்குகிற நேரத்தில் தகரம் அதிரும். அப்போது மட்டும் தூரிகையைத் தாளிலிருந்து தூக்கிக்கொள்வாள். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து கோடு தொடரும்.

அவள் போட்ட படக்கதையின் பேர் தங்கப்பொண்ணு. மேலூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரியை ஓட்டுகிறவள் தங்கப்பொண்ணு. கையகலப் புத்தகம், கறுப்பு வெள்ளை, நடுவில் இரண்டு கம்பிப் பின். போகிற வழியில் ஏதாவது ஒரு வம்பு வரும். அதைத் தீர்த்துவிட்டுச் சரக்கையும் இறக்கிவிட்டுத் திரும்புவாள். அடிதடி உண்டு. ஆனாலும் டயர் பஞ்சராகிற பக்கங்களைத்தான் வாசகர்கள் கொண்டாடினார்கள். ஜாக்கி ஏறுவதையும், ஒரு பக்கமாகச் சாய்ந்த லாரியின் பாரத்தையும் வசுந்தரா அப்படிப் போடுவாள்.

படம் போட அவள் எங்கும் போய்ப் படித்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவுக்காகக் கட்டம் போட்ட தாளில் சேலைக் கரைகளுக்கு டிசைன் வரைந்தாள். பிறகு வெளியூர்க் காமிக்ஸ் கம்பெனி ஒன்றுக்குப் படம் போட்டு அனுப்பினாள். அவர்கள் அவளை ஆம்பளை என்றே நினைத்திருந்தார்கள். கடிதமெல்லாம் 'திரு. வசு அவர்களுக்கு' என்றே வந்தது. அவள் போட்ட குதிரைகளும் துப்பாக்கிகளும் துப்பறிவாளர்களின் தொப்பிகளும் ஊர் ஊராக விற்றன. ஒன்றில்கூட அவள் பேர் இல்லை. லாரி ஓட்டுகிற பெண்ணைப் பற்றி ஒரு கதை இருக்கிறது என்று அவள் எழுதியபோது, அதை எவன் வாங்குவான் என்று பதில் வந்தது.

"நான் வாங்குவேன்" என்றாள் வசுந்தரா, கடிதத்தைப் படித்து முடித்தவுடன். அதுதான் ஆரம்பம். அது தொண்ணூறுகளின் தொடக்கம்.

காஜிமார் தெருப் பக்கத்தில் சின்ன அச்சகம் வைத்திருந்த உபைதுல்லா முதல் புத்தகத்தை அடித்துக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிக்கிற மிஷின். நெருக்கமாகக் கோடு போட்டு நிழல் காட்டினால் மட்டித் தாளில் மை அப்பிக்கொண்டது. வசுந்தரா கோட்டை விட்டுவிட்டுப் புள்ளிக்கு மாறினாள். இருட்டு என்றால் நெருங்கின புள்ளி, வெயில் என்றால் விலகின புள்ளி. சேலைக்காரி கையல்லவா, புள்ளி அவளுக்குக் கட்டுப்பட்டது. வசன எழுத்தெல்லாம் ஹரிராம். அவன் கையெழுத்து அச்செழுத்தை விட நன்றாக இருக்கும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். தங்கப்பொண்ணு பற்றிய பேச்சு மட்டும் தமிழில்தான். "அவளுக்கு நம்ம பாஷை தெரியாதே. அவளை வச்சுக்கிட்டுப் புரியாததப் பேசலாமா?" என்பாள் வசுந்தரா.

புத்தகக் கடைக்காரர்கள் வாங்கவில்லை. பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை. டீக்கடை, சலூன், லாரி ஷெட், பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடை என்று கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கியது தங்கப்பொண்ணு. அதை அங்கெல்லாம் கொண்டு சேர்த்தவன் விருமாண்டி. மேலூர்க்காரன், நிஜமாகவே கல் லாரி ஓட்டுகிறவன். முதல் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சண்டை போடத்தான் பட்டறைக்கு வந்தான்.

"யாருண்ணே இதுக்குப் படம் போடுறது? நாலாங் கியர்ல மேடு ஏறுறா. வண்டி நின்னு போகும். அவகிட்டச் சொல்லிவைங்க."

வசுந்தரா அவனை உட்காரவைத்து முள்ளுமுருங்கைக் கீரை வடை கொடுத்தாள். அன்றைக்கு எழுந்து போகும்போது ஒரு கட்டுப் புத்தகத்தை வண்டியில் போட்டுக்கொண்டு போனான். அதிலிருந்து தங்கப்பொண்ணின் பேச்சும் அவன் பேச்சாகிவிட்டது.

இரண்டாயிரத்தொன்றாம் வருஷம் ஆடியில் அவன்தான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தான்.

"அக்கா, எங்கூருப் பக்கம் ஒரு கம்மாயக் காணாமப் பண்ணிக்கிட்டு இருக்காங்யக்கா. குவாரிக் குழி கரை வரைக்கும் வந்துருச்சு. மடைய ஒடச்சுக் கல்லு எடுக்கிறாங்ய. கேட்டா, இது கம்மாயே இல்ல, தரிசுங்கிறாங்ய. நான் அதுல நீச்சலடிச்சவேன்."

வசுந்தரா இரண்டு பாகமாகக் கதை பண்ணினாள். 'கரை மட்டும் மிச்சம்' என்று பேர். முதல் பாகம் ஆவணியில் வந்தது. தண்ணீர் பிடிக்க லாரியை நிறுத்துகிற தங்கப்பொண்ணு, ஊர் வயலுக்குத் தண்ணீர் கொடுத்த கண்மாய் இருந்த இடத்தில் குழியைப் பார்க்கிறாள். குவாரி முதலாளி வெள்ளைச் சட்டையோடு காரிலிருந்து இறங்கி, 'கண்மாயா, எந்தக் கண்மாய்?' என்று கேட்கிறார். அதோடு முடிந்தது. எந்த ஊர், எந்த ஆள் என்று ஒரு எழுத்து இல்லை. மேலூரில் அதைக் கையில் எடுத்தவர்களுக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சலூன் வைத்திருக்கும் நல்லகாமன், கடைக்கு வந்தவர்கள் முடி வெட்டாமல் அதையே படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விருமாண்டியிடம் சொல்லியனுப்பினார். இன்னும் கொண்டு வா என்றும் சொன்னார்.

தீபாவளி கழிந்து ஐந்தாறு நாளில், ராஜேஷ்குமார் ஒரு பெட்டி இனிப்போடு பட்டறைக்கு வந்தார். வசுந்தராவின் பெரியப்பா மகன், விளக்குத்தூண் பக்கம் மொத்தச் சேலைக் கடை. ஹரிராமின் சேலைகளில் பாதிக்கு மேல் அவர் கடைக்குத்தான் போகும். வந்ததும் சௌராஷ்டிரத்தில் குசலம் விசாரித்தார். தொழில் பேச்சு வந்தால் தமிழுக்கு மாறிவிடுவது அவர் வழக்கம். அன்றைக்குச் சீக்கிரமே மாறினார்.

"மாப்ள, மேலூர்ல ஒரு பெரிய எடத்துக் கல்யாணம். சொந்தக்காரங்க, வேலைக்காரங்க, ஊருன்னு அம்புட்டுப் பேருக்கும் சுங்குடி எடுக்கிறாக. தை வரைக்கும் ஒம் பட்டறைக்கு வேற வேலையே பாக்க வேணாம்."

ஹரிராமின் முகம் மலர்ந்தது. "யாரு மச்சான்?"

"குவாரி மொதலாளி. வசு படத்துல வெள்ளச் சட்டையோட எறங்குறாரே, அவரு."

சேலை மேஜையில் ரப்பர் பட்டையின் சத்தம் நின்றது. ராஜேஷ்குமார் வசுந்தராவைப் பார்த்துச் சிரித்தார். அவர் கெட்ட மனிதரில்லை. தங்கச்சி வீட்டுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர் நம்பினார்.

"அவரு கோவப்படலம்மா. படிச்சுட்டு, ஆளு நல்லா வரைஞ்சிருக்காக, என்னையவே வரைஞ்சிருக்காகன்னு சொன்னாரு. ரெண்டாம் பாகத்துல, நாந்தான் தப்பா நெனச்சுட்டேன், மொதலாளி ஊருக்குப் புதுசாக் கொளம் வெட்டித் தர்றாருன்னு தங்கப்பொண்ணு சொன்னாப் போதும். அம்புட்டுத்தான். அதோட விடல. மெட்ராஸ்ல கலர்ல அடிச்சு, வழவழப் பேப்பர்ல, தமிழ்நாடு பூராப் போட்டுத் தர்றேங்கிறாரு. ஒம் பேரு அட்டையில முழுசா, வசுந்தரான்னு. எத்தன வருசமாப் போடுற, யாருக்குத் தெரியுது ஒன்னைய?"

அந்தப் பேச்சு அவளைத் தொடாமல் போகவில்லை. சொல்லப்போனால் நெஞ்சில் நேராக வந்து விழுந்தது. கலரில் தங்கப்பொண்ணின் லாரி என்ன நிறம் என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். மஞ்சள், கதவில் மட்டும் செங்காவி.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றாள்.

ராஜேஷ்குமார் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் உபைதுல்லா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரமலான் பிறந்திருந்தது, நோன்பு வைத்த முகம் வாடியிருந்தது. தண்ணீர் தர முடியாமல் ஹரிராம் நாற்காலியை மட்டும் எடுத்துப் போட்டான்.

"தங்கச்சி, மறைக்காமச் சொல்லிர்றேன்" என்றார் உபைதுல்லா. "நேத்து ரெண்டு பேரு வந்து அச்சகத்துல ஒக்காந்தாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க. இன்னைக்குக் காலையில கட்டட ஓனர் வந்துட்டாரு. அந்தப் பொஸ்தகத்த அடிச்சா அன்னைக்கே காலி பண்ணிக்கங்கிறாரு. மிஷினு என்னது, செவரு என்னதில்ல. மதுரைக்குள்ள மத்த பிரஸ்லயும் சொல்லி வச்சிருக்காங்க. ரெண்டு எடத்துல நானே விசாரிச்சுட்டேன்."

"நீங்க அடிக்க வேணாம் பாய். அச்சகத்த விட்டுட்டு எங்கிட்டுப் போவீக?"

"அடிக்க வேணாம்னு நீ சொல்லுவன்னு எனக்குத் தெரியும். அதான் மனசு கெடந்து அடிச்சுக்கிருது" என்றார் அவர். எழுந்து போகும்போது, பலகையில் பாதி போட்டிருந்த படத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது ஹரிராம் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இங்க வேலை பாக்குறவங்க எத்தன குடும்பம் வசு. ரெங்கம்மாளுக்கு ரெண்டு பொண்ணு. இந்த ஆர்டர் வந்தா எல்லாருக்கும் தை வரைக்கும் நிம்மதி. மச்சான் கடைய முறிச்சுக்கிட்டா நான் சேலையத் தலையில வச்சு விக்கணும்."

"தெரியும்."

"ஒனக்குக் கலர் வேணாமா?"

"வேணும். ஏன் வேணாம்? தங்கப்பொண்ணு பொய் சொல்றத மட்டும் நான் போட மாட்டேன். ஒரு தடவ சொல்லிட்டா, அதுக்கப்புறம் அவ டயர் மாத்துனாக்கூட எவனும் நம்ப மாட்டான்."

ஹரிராம் கை கழுவிவிட்டு வந்து நின்றான். "ஒண்ணு கேக்குறேன். அந்தக் கம்மாய நீ பாத்திருக்கியா? விருமாண்டி வாய்ப்பேச்சுத்தான?"

அவள் பார்த்ததில்லை.

மறுநாள் இருவரும் மேலூருக்குப் பஸ் ஏறினார்கள். விருமாண்டி அங்கிருந்து ஒரு டெம்போவில் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு பக்கமும் நெல் பால் பிடித்திருந்தது. பச்சை முடிகிற இடத்தில் சாலை வெள்ளையாக மாறியது, கல்தூசு. வேலியில் இருந்த கருவேலங்கூட மாவு பூசின மாதிரி நின்றது. டெம்போவை நிறுத்திவிட்டுக் கரையில் ஏறினார்கள். கரை மட்டும் அப்படியே இருந்தது, மேலே பனைகள். உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கின் கற்கள்கூட இருந்தன. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த ஹரிராம் சட்டென்று வசுந்தராவின் கையைப் பிடித்தான்.

கீழே படிப்படியாக அறுத்த பாறை இறங்கிக்கொண்டே போனது. அடியில் பச்சையாகக் கொஞ்சம் மழைத்தண்ணீர். அதன் ஓரத்தில் ஏதோ நகர்ந்தது. ஆடு என்று வசுந்தரா நினைத்தாள். அது ஆள். துளை போடும் மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிற ஆள்.

"இம்புட்டு ஆழமா" என்றாள்.

"நாந்தான் சொன்னேன்லக்கா."

"சொன்ன. நான் ஒரு கெணத்து ஆழம் போட்டு வச்சிருக்கேன்." அவள் கரையில் உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்தாள். "தப்பாப் போட்டுட்டேன் விருமாண்டி. மனுசன எறும்பாப் போடணும். மொதலாளியவும் எறும்பாத்தான் போடணும்."

வெயில் ஏறுகிற வரைக்கும் அவள் போட்டுக்கொண்டிருந்தாள். கரையோரம் மூன்று குடங்களைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். யார் எவர் என்று விசாரித்தாள். தங்கப்பொண்ணு படம் போடுகிறவர் என்று விருமாண்டி சொன்னதும் நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரக வாசிச்சுக் காட்டுனாக. அதுல மிச்சம் எப்ப வருது?"

"வந்துரும்" என்றாள் வசுந்தரா, நிமிர்ந்து பார்க்காமல்.

திரும்பி வந்து அவனியாபுரத்தில் இறங்கியதும் ஹரிராம் வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு நடந்தான். சுவரில் சாய்த்திருந்த சட்டங்களில் பெரியதாக ஒன்றை எடுத்து, முழங்கையால் அளந்தான். முந்தானைக்குப் போடுகிற சட்டம் அது.

"வசு, இதுல எத்தன பக்கம் கொள்ளும்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"துணிக்குப் போடுறத பேப்பருக்குப் போட முடியாதா? இழுத்தா ஒரு இழுப்புக்கு எட்டுப் பக்கம். திருப்பிப் போட்டா இன்னொரு எட்டு. ஒரே தாளு, மடிச்சா புத்தகம். இந்தச் செவரு நம்மளது. எவன் வந்து காலி பண்ணச் சொல்லுவான்?"

வசுந்தரா சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாண ஆர்டரு?"

"அந்தச் சேலைய நான் எந்த மூஞ்சியோட போடுவேன்? நான் மச்சான்கிட்டப் பேசிக்கிர்றேன். சேலம், பரமக்குடின்னு சுத்தி வித்துட்டு வாரேன். காலு இருக்கு."

மறுநாள் முதல் இரண்டாம் பாகத்தை அவள் திரும்பப் போட்டாள். அறுபது பக்கக் கதையைப் பதினாறு பக்கத்துக்குள் அடக்க வேண்டும். படத்தைச் சட்டத்துத் துணிக்கு மாற்றும்போது பொடிப் புள்ளி அடைத்துக்கொள்ளும், அதனால் மிளகு அளவுக்குப் புள்ளிகள் பெரிதாயின. சண்டைக் காட்சி முழுவதும் போயிற்று. முதலாளியின் நீளப் பேச்சும் போயிற்று. நடு இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம்: குழி. கரையில் லாரி, சுண்டுவிரல் நகம் அளவு. அந்தப் பக்கத்துக்கு ஹரிராம் எழுத வசனமே இல்லை.

கதையில் தங்கப்பொண்ணு யாரையும் அடிக்கவில்லை. வெட்டின கல்லை ஏற்ற மாட்டேன் என்று காலி லாரியைக் கலுங்குக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசிப் படத்தில் லாரி வரிசை தாளின் விளிம்பைத் தாண்டிப் போகிறது.

அச்சுப் போடத் தொடங்கிய அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. துணிச் சாயம் தாளில் ஊறி எழுத்தெல்லாம் மீசை வைத்தது. ஹரிராம் சாயத்தில் பசையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். சரிவரவில்லை. மத்தியானம் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு உபைதுல்லா வந்து நின்றார்.

"அண்ணே, அது பேப்பரு. சேலைக்குப் போடுற மாதிரிப் போட்டாக் குடிக்கத்தான் செய்யும்" என்றபடி சைக்கிள் கேரியரிலிருந்து அச்சு மை டின்னை இறக்கினார். "எங்க அச்சகத்துல அடிக்கக் கூடாதுன்னுதான் சொல்லிருக்காங்க. இங்க வந்து மை கலக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல."

அதற்குப் பிறகு தாள்கள் வரிசையாக விழுந்தன. சேலை காயப்போடும் கயிறுகளில், கொட்டகைக்குள்ளேயே, துணிக் கிளிப் மாட்டித் தாள்கள் தொங்கின. மழைக் காற்றில் காயவே மாட்டேன் என்றன. ரெங்கம்மாள் கரியடுப்பு இரண்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். தாளுக்குக் கீழே குனிந்து குனிந்து போய்வந்ததில் எல்லார் தலையிலும் மை. உபைதுல்லாவின் மனைவி ஹாஜரா தங்கை சுஃபியாவோடு ஆட்டோவில் வந்து, தாள் மடிக்க உட்கார்ந்தாள். பள்ளிவாசலில் வாங்கின நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் எல்லாருக்கும் போயின. ரெங்கம்மாள் இரண்டு முறை வாங்கிக் குடித்தாள்.

"என்ன இருந்தாலும் நம்மளால எம்புட்டுப் போட முடியும்?" என்றார் உபைதுல்லா, கஞ்சியை ஊதிக்கொண்டே. "மேலூருக்கே பத்தாது."

வசுந்தரா அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். "நம்மளே எல்லாத்தையும் போடணும்னு என்ன பாய்? ஏங்க, இன்னும் இழுக்காத சட்டத்துல, கடைசிப் பக்கத்துக்கு அடியில எடம் இருக்குல்ல. இத எழுதுங்க. 'இந்தக் கதையை யாரும் அச்சடிக்கலாம், ஜெராக்ஸ் எடுக்கலாம், விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். கேட்க வேண்டியதில்லை.' "

ஹரிராம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "நம்ம பேரு?"

"படம் வசுந்தரான்னு போடுங்க. இந்தத் தடவ முழுசாவே போடுங்க. எழுத்து ஹரிராம்னும் போடுங்க."

"வேற எவனாச்சும் அடிச்சு வித்துச் சம்பாதிச்சா?"

"சம்பாதிக்கட்டும். ஒரு அச்சகத்த மெரட்டலாம். ஊர்ல இருக்குற அம்புட்டு ஜெராக்ஸ் கடையவும் மெரட்டுவாரா அவரு?"

உபைதுல்லா வாய்விட்டுச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

விருமாண்டி தாள்களை லாரி சீட்டுக்கடியில் வைத்துக் கொண்டுபோனான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யார் கையிலும் இல்லை. நல்லகாமன் சலூன் கண்ணாடியில் பதினாறு பக்கத்தையும் பிரித்து ஒட்டினார். மேலூர் ஜெராக்ஸ் கடைக்காரர் ராவா பகலா எடுத்தார். பசுமலையில் கல்லூரி மாணவர்கள் பட்டறையிலிருந்து அந்த மரச்சட்டங்களைக் கடன் வாங்கிக்கொண்டு போய்ச் சிவப்பு மையில் அடித்தார்கள். அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர் தன் பழைய பில்களின் பின்பக்கத்தில் எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் தங்கப்பொண்ணு, மறுபக்கம் போல்ட்டு நட்டுக் கணக்கு. நகலுக்கு நகல் எடுத்ததில் குழி மங்கிப்போன இடங்களில், யாரோ பேனாவால் புள்ளி வைத்து நிரப்பியிருந்தார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனபோது, மனுவோடு அந்தத் தாளையும் பின் அடித்துக் கொடுத்தார்கள். சர்வேக்காரர்கள் சங்கிலியோடு வந்தார்கள். போன கண்மாய் போனதுதான், குழியை யார் நிரப்ப முடியும்? ஆனால் குழிக்கு அப்பால் இருந்த அடுத்த கண்மாயில் தொடங்கியிருந்த வெட்டு நின்றது. அதில் அந்த மார்கழியில் தண்ணீர் கிடந்தது. விருமாண்டி ஒரு கெளுத்தியைப் பிடித்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, இவர்கள் மீன் சாப்பிடமாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்து, உபைதுல்லா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

ராஜேஷ்குமார் ஒரு வருஷம் பட்டறைப் பக்கம் வரவில்லை. ஹரிராம் சொன்னபடியே சேலம், பரமக்குடி, கும்பகோணம் என்று மூட்டையோடு அலைந்தான். இளைத்தான், கறுத்தான். போகிற இடத்திலெல்லாம் நேராகக் கடைகளைப் பிடித்தான். அதற்கடுத்த தீபாவளிக்கு ராஜேஷ்குமார் இனிப்புப் பெட்டியோடு வந்து, உன் பட்டறைக் கருநீலச் சாயத்தை வேறு எவனும் போட மாட்டேங்கிறான் மாப்ள என்று சௌராஷ்டிரத்திலேயே சொன்னார். ஹரிராம் காபி கொடுத்தான். கருநீலமும் கொடுத்தான்.

மதுரை அச்சகங்களில் ஒரு வார்த்தை புதிதாகப் புழங்க ஆரம்பித்தது. ஒரே தாளைப் பதினாறு பக்கமாக மடித்துப் போடுகிற சின்னப் புத்தகத்துக்குத் 'தங்கப்பொண்ணு சைஸ்' என்று பேர் விழுந்துவிட்டது. கவிதை எழுதுகிறவர்கள், பீடித் தொழிலாளர் சங்கத்தார், செங்கல் சூளையைப் பற்றிப் படக்கதை போட்ட ஒரு பள்ளிக்கூட டீச்சர், கம்பெனிகள் திருப்பி அனுப்பின கதைகளைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் உபைதுல்லாவிடம் வந்து, தங்கப்பொண்ணு சைஸ்ல போட்டுக் குடுங்க பாய் என்றார்கள். அவர் இப்போது சொந்தச் சுவருக்குள் மிஷினை வைத்திருந்தார். ஹாஜராவே தாள் மடிக்க நாலு பேரைப் பழக்கியிருந்தாள். கேட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கப்பொண்ணு யார் என்று தெரியாது. அது தாளின் பேர் என்றே நினைத்திருந்தார்கள். உபைதுல்லா சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனார். வசுந்தராவுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். அரசாங்கமோ பத்திரிகையோ அவளைக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டதில்லை.

இரண்டாயிரத்தாறில், வைகாசியில், விருமாண்டியின் மகளுக்கு மேலூரில் கல்யாணம். வசுந்தராவும் ஹரிராமும் போயிருந்தார்கள். பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மதுரை பஸ்ஸுக்காகப் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்கடையில் சோடா சொல்லிவிட்டு வசுந்தரா நிமிர்ந்தாள். கயிற்றில் கிளிப் மாட்டி ஒரு புத்தகம் தொங்கியது. தங்கப்பொண்ணு. ஆனால் அந்த அட்டையை அவள் போட்டதில்லை.

எடுத்துப் பிரித்தாள். லாரி இருந்தது. புள்ளிகள் இருந்தன, கொஞ்சம் கரடுமுரடாக. கை வேறு ஆள் கை. தங்கப்பொண்ணுக்கு மூக்குத்தி முளைத்திருந்தது. படம் போட்டவர் பேர் அவள் கேள்விப்படாத பேர், திருமங்கலம் பக்கத்து ஊர்.

ஹரிராம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிவந்துபோனான். "என்ன அக்கிரமம் இது. கதைய அடிக்கலாம்னுதான எழுதிப் போட்டோம். ஆளையே எடுத்துக்கலாம்னா எழுதுனோம்? நீ குடு, நான் அந்த ஊருக்கே போய்க் கேட்டுட்டு வாரேன்."

"சும்மா இருங்க" என்றாள் வசுந்தரா. "படிச்சுக்கிட்டிருக்கேன்ல."

ஆற்று மணலில் லாரி சிக்கிக்கொள்கிறது. ராத்திரி. மணல் அள்ளுகிறவர்கள் விளக்கை அணைத்துவிட்டு நாலு பக்கமும் சூழ்கிறார்கள். ஜாக்கி மணலில் இறங்கிக்கொண்டே போகிறது, தூக்க மாட்டேன் என்கிறது. தங்கப்பொண்ணு சேலையைச் செருகிக்கொண்டு லாரிக்கடியில் படுத்துத் தவழ்கிறாள். அங்கே அவளுக்கு முன்பே யாரோ படுத்திருக்கிறார்கள்.

வசுந்தரா பக்கத்தைத் திருப்பினாள். பின் அட்டை.

மதுரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டான். ஹரிராம் ஏறி, ஜன்னல் பக்கம் இடம் போட்டுவிட்டுத் தலையை நீட்டினான். அவள் நகரவில்லை. திறந்த சோடா கையிலேயே நுரை அடங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்துக்கும் சேர்த்துக் காசை வைத்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டாள்.

"ஏண்ணே, இதுல மிச்சம் எப்ப வரும்?"